சும்மாத் துறை

பள்ளிக்கூடத்துக்குப் பெயர்ப்பலகை இருந்தது. அதில் பெயர்தான் இல்லை. ஓர் ஆள் உயரப் பலகைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, நாலு மூலையிலும் ஆணி அறைந்து, அப்படியே விட்டிருந்தார்கள். அதனால் கண்ணாடிக் கடைக்காரர் தன் மகளையும் கொழுந்தியாளையும் ஏற்றிக்கொண்டு வந்த வாடகைக் கார் இரண்டு தடவை வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. பெயர் வைத்தால் ஓர் இடம் அந்தப் பெயருக்குள்ளேயே அடைபட்டுப் போய்விடும் என்பது அங்கே கொள்கையாம். தபால்காரர் பாடு என்ன ஆகிறது என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

கண்ணாடிக் கடைக்காரருக்கு, அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதுதான் தொழில். காலையிலிருந்து ஆள் மாற்றி ஆளை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின்மேல் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா இருக்கா இல்ல இதுவா என்று கேட்பார். சிலர் இது என்பார்கள், சிலர் அது என்பார்கள். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு என்று சொல்கிறவர்கள் மேல் அவருக்கு எரிச்சல் வரும். மகளுக்குப் பள்ளிக்கூடம் பார்க்கக் கிளம்பியதிலிருந்து அவருக்கும் எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது.

அவருடைய மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதிலிருந்து மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சாப்பாட்டு மேஜைப் பக்கத்து நாற்காலியில் உட்காருவாள். உட்கார்ந்தால் பிடித்து வைத்த பிள்ளையார்தான். அழுவதில்லை. கோபப்படுவதில்லை. போட்டால் சாப்பிடுவாள், போடாவிட்டால் கேட்கமாட்டாள். பதினாறு வயதுப் பெண் கதவை அறைந்து சாத்த வேண்டாமா, அப்பனை எதிர்த்து நாலு வார்த்தை பேச வேண்டாமா? ஒன்றும் கிடையாது. என்னம்மா பண்றே என்று கேட்டால் சும்மா இருக்கேன் என்பாள். ஏம்மா என்றால் சும்மாதான் என்பாள். அவரும் கடையைச் சாத்திவிட்டு வந்து எதிர் நாற்காலியில் உட்காருவார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாயங்காலம் ஆனாலே அவருக்குப் பயமாக இருந்தது. இவளை வேறு யாராவது கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டால் தேவலை என்று ஒரு நாள் நினைத்தார், நினைத்ததற்கு வெட்கப்பட்டார், வெட்கப்பட்டுக்கொண்டே கொழுந்தியாளுக்குப் போன் செய்தார்.

கொழுந்தியாள் வாய்க்குப் பூட்டுப் போடாதவள். அக்கா போன துக்கத்தையும் பேசிப் பேசியே கரைத்துக்கொண்டிருந்தாள். விடுதியோடு கூடிய பள்ளிக்கூடம்தான் மருந்து என்று அவள் முடிவு கட்டி, முதலில் ஒன்றைக் காட்டினாள். அங்கே எந்நேரமும் ஊசி விழுந்தால் கேட்கும் என்று தலைமையாசிரியர் பெருமைப்பட்டார். இங்க விட்டா இவளுக்கும் சுவத்துக்கும் வித்தியாசம் தெரியாது மாமா என்று அவளே திருப்பி அழைத்து வந்துவிட்டாள். இன்னொன்றில் பிள்ளைகளை விடியுமுன் எழுப்பிக் கணக்குப் போடவைத்தார்கள். மூன்றாவதாகக் கிடைத்ததுதான் இந்தப் பெயரில்லாத பள்ளி. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற இடம், பாட்டு, நாடகம், ஓவியம், களிமண், அடி கிடையாது, அதட்டல் கிடையாது, சுதந்திரம். அங்கே போனால் பெண் ஒரே மாதத்தில் கலகலவென்று ஆகிவிடுவாள் என்று கொழுந்தியாள் அடித்துச் சொன்னாள். மகளிடம் கேட்டார்கள். சரி என்றாள். வேண்டாம் என்றாலும் அதே முகம்தான் இருந்திருக்கும்.

வாசலில் காவலாளி காரை நிறுத்தி, ஏன் வந்தீங்க என்று கேட்டார். சேர்க்கைக்கு என்றார் கண்ணாடிக் கடைக்காரர். காவலாளி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து, அப்படிச் சொன்னால் உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு இருப்பதாக ரகசியமாகச் சொன்னார். கேள்வியை ஆழமாகக் கேட்பதற்குத்தான் அவரை வேலைக்கு வைத்திருக்கிறார்களாம். பதிலும் ஆழமாக வர வேண்டுமாம்.

"என்ன சொல்லணும்ங்க?"

"தெரியலைன்னு சொல்லுங்க சார். சீக்கிரம் திறந்துடலாம். எனக்கும் டீ குடிக்கப் போகணும்."

கண்ணாடிக் கடைக்காரர் தெரியலை என்றார். மனதறிந்து அவர் அன்றைக்குச் சொன்ன உண்மை அது ஒன்றுதான். கதவு திறந்தது.

வரவேற்பறையில் ஏழெட்டு நாற்காலிகள் கிடந்தன. அவர் ஒன்றில் உட்கார்ந்ததும் ஓர் இளைஞர் ஓடிவந்து, நீங்கள் உட்கார்ந்திருப்பது ஒரு மாணவனின் வருடாந்திரப் படைப்பு என்றார். பதறி எழுந்து அடுத்ததில் உட்காரப் போனார், அதுவும் படைப்புத்தான். எதுதான் நாற்காலி என்று கேட்டாள் கொழுந்தியாள். அதைக் கண்டுபிடிப்பதுதான் கல்வி என்றார் இளைஞர். மூவரும் சுவரோரமாக நின்றுகொண்டார்கள். அந்த இளைஞர் ஆசிரியர்; ஆனால் அந்தச் சொல் அங்கே கிடையாது, உடனிருப்பவர் என்றுதான் சொல்ல வேண்டும். அதே போல் மாணவர்களுக்கு மலர்பவர்கள் என்று பெயர். விடுதிக் காப்பாளர் இருள் நண்பர். தலைமையாசிரியர் தன்னை மூத்த மலர்பவர் என்று சொல்லிக்கொள்வார். வழுக்கை விழுந்து பல வருடம் ஆனவர்.

உடனிருப்பவர் சுற்றிக் காட்டினார். மணி அடிப்பது வன்முறை என்பதால் அங்கே மணி கிடையாது. அதற்குப் பதிலாக ஓர் ஆள் ஒவ்வொரு பிள்ளையின் காதருகிலும் போய், தோணுதா என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டே போனார். தோன்றவில்லை என்று சொன்னவர்களைத் தனியாக ஒரு பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள், தோன்றும்வரைக்கும். சுதந்திர நேரம் நாலிலிருந்து ஐந்து வரை. அப்போது யாரும் அறைக்குள் இருக்கக் கூடாது, தூங்கக் கூடாது, வீட்டுக்குப் போன் செய்யக் கூடாது, கண்டிப்பாகச் சுதந்திரமாக இருக்க வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தின் நடுவே தரையில் சிவப்பாக ஒரு கோடு கிழித்திருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பையன்கள், அந்தப் பக்கம் பெண்கள். ரெண்டு பேரையும் பிரிச்சுத்தான் வச்சிருக்கீங்க போல என்றாள் கொழுந்தியாள். உடனிருப்பவருக்கு முகம் சுருங்கிவிட்டது. நாங்கள் பிரிப்பதே இல்லை, அது 'கோடு' என்ற ஓவியம், ஓவியத்தை மிதித்தால் வண்ணம் கலைந்துவிடும் என்பதால்தான் யாரும் தாண்டுவதில்லை என்றார். கோட்டருகே பிரம்போடு நின்ற அம்மாள் ஓவியத்தைப் பாதுகாக்கிறவராம்.

கண்ணாடிக் கடைக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் பிள்ளைகள் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அது அவருக்குப் பிடித்திருந்தது. மகள் எதையாவது பார்க்கிறாளா என்று அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு நடந்தார். அவள் முன்னால் போகிறவர்களின் செருப்பைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நேர்காணலுக்கு அங்கே சந்திப்பு என்று பெயர். வட்டமாகத் தரையில் பாய் விரித்து மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூத்த மலர்பவர் நடுவில். வலது பக்கம் காற்றடித்தால் பறந்துவிடுகிற மாதிரி ஒல்லியான கவிஞர் ஒருவர். இடது பக்கம் நுண்கலைத் துறையின் தலைவி. அம்மாள் மூக்கில் பெரிய கறுப்புச் சட்டம் இருந்தது, சட்டத்தில் வில்லை இல்லை. பார்வைக்கு நடுவில் எதுவும் வரக்கூடாது என்பதற்காக எடுத்துவிட்டாராம். இருபது வருடம் கண்ணாடி விற்றவருக்கு அதைப் பார்த்ததும் வாய் நமநமத்தது, அடக்கிக்கொண்டார்.

மூத்த மலர்பவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார். இங்கே தேர்வு கிடையாது, தோல்வி கிடையாது, ஒப்பீடு கிடையாது. ஒப்பீடே இல்லாத பள்ளிகளில் தங்கள் பள்ளிதான் தொடர்ந்து முதலிடத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. கற்றுக்கொடுக்காமல் இருப்பதற்கு வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர்களை மட்டுமே வேலைக்கு எடுக்கிறார்கள். எந்தப் பிள்ளைக்கும் கதவு திறந்தே இருக்கும். அதனால்தான் மிகச் சிலரை மட்டும் சேர்த்துக்கொள்ள முடிகிறது. இவ்வளவையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லி முடித்து, கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார்.

"நீ என்ன பண்றேம்மா?"

"சும்மா இருக்கேன்."

கவிஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார். துறைத் தலைவி சட்டத்தைச் சரி செய்துகொண்டார்.

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளா."

"எதுக்காக?"

"சும்மாதான்."

சும்மா இருக்கிறாள், அதுவும் சும்மா இருக்கிறாள் என்று கவிஞர் தனக்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டார். வந்த காரியம் கெட்டுவிட்டது, சோம்பேறி என்று திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்துக் கண்ணாடிக் கடைக்காரர் பதறிப்போனார். ஆழம் தெரியாமல் காலை விட்டார்.

"இல்லைங்கய்யா, அவ சும்மா சொல்றா."

"சொல்றதையும் சும்மாதான் சொல்றாளா?" என்றார் மூத்த மலர்பவர், குரல் நடுங்க.

அதற்குப் பிறகு கண்ணாடிக் கடைக்காரர் வாயைத் திறக்கத் திறக்க இன்னும் சிக்கலானது. அவள் முன்னெல்லாம் இப்படி இல்லை, சும்மா சும்மா ஓடிக்கொண்டே இருப்பாள் என்றார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரட்டைச் சும்மா என்றார் துறைத் தலைவி. கொழுந்தியாள் குறுக்கே புகுந்து, அக்கா போனதிலேருந்துதான் இப்படி, அதுக்கு முன்னாடி பாட்டென்ன, சிரிப்பென்ன, நல்ல பொண்ணுங்க என்றாள். அக்கா எங்கே போனார் என்று கேட்டார் கவிஞர். கொழுந்தியாளுக்கு அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பேச்சு நின்றது. கண்ணாடிக் கடைக்காரர் பாயின் ஓரத்துப் பின்னலைப் பிரித்துக்கொண்டிருந்தார். எதிரே இருந்த மூவருக்கும் புரிந்துவிட்டது. அவர்கள் முகத்தில் வந்த பரவசத்தை, பாவம், அவர் இரக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

மூவரும் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். இத்தனை வருடமாகப் பாட்டு, கூத்து, களிமண் என்று எதை எதையோ செய்துகொண்டிருந்தோம், எதையும் செய்யாத கலையை இந்தப் பெண் வாசலுக்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள் என்றார் மூத்த மலர்பவர். சும்மாத் துறை என்று ஒரு துறையை அன்றே தொடங்குகிறார்கள். அவள்தான் முதல் மாணவி. கட்டணமே வேண்டாம்.

"சும்மாவே சேத்துக்கறோம்" என்றார், தன் சிலேடைக்குத் தானே சிரித்தபடி.

கண்ணாடிக் கடைக்காரர் அப்போதே மகளை இழுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். தோன்றாமல் இல்லை. ஆனால் ஒரு வருடமாக அவளைப் பார்த்தவர்கள் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள், இல்லாவிட்டால் புத்தி சொன்னார்கள். இவர்கள் மூவரும்தான் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். அது அவர் மனதை இளக்கிவிட்டது. இன்னொன்றும் உண்டு: இன்றைக்குச் சாயங்காலம் அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார வேண்டாம் என்பது. மகளைப் பார்த்து, என்னம்மா என்றார். சரிப்பா என்றாள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

வீட்டில் அவர் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். வாரம் ஒரு தடவை போனில் பேச விடுவார்கள். என்னம்மா பண்றே என்பார், சும்மா இருக்கேன் என்பாள். நல்லா இருக்கியா என்பார். நல்லா சும்மா இருக்கேன்னு சொல்றாங்க என்பாள். கொழுந்தியாள் மட்டும், பொண்ணு பேர் வாங்குறா மாமா என்று பூரித்துப்போனாள். அக்கம் பக்கத்தில் என்ன படிக்கிறாள் என்று கேட்டால், அவர் கலை என்று மட்டும் சொல்லிவிட்டு வில்லையைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்.

பெற்றோர் வந்து பார்க்கிற நாளுக்கு அங்கே வேர்கள் நாள் என்று பெயர். கொழுந்தியாளுக்கு வேலை இருந்ததால் அவர் மட்டும் பஸ் ஏறிப் போனார். காவலாளி ஏன் வந்தீங்க என்று கேட்குமுன்பே தெரியலை என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

சும்மாத் துறை மூன்று அறைகளுக்கு வளர்ந்திருந்தது. முதல் அறையில் தொடக்க நிலைப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சும்மா பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் மூக்கைச் சொறிந்துவிட்டான். அவனை வெளியே அனுப்பினார்கள். இன்னொரு பெண் அசையாமல்தான் இருந்தாள். ஆனால் அவளிடம் முயற்சி தெரிகிறது, முயற்சி தெரிந்தால் அது சும்மா ஆகாது என்று உடனிருப்பவர் அவளைத் திருத்தினார். அவள் முயற்சி தெரியாமல் இருக்க முயற்சி செய்து வியர்த்துப்போனாள். இரண்டாம் அறையில் கவிஞர் சும்மாவின் வரலாற்றைப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு சாப்பாட்டு வேளையையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள்; இங்கே ஓர் ஆண்டிக் கூட்டமே முறை வைத்து ஊதிக்கொண்டிருந்தது.

மூன்றாவது அறை பெரியது. வாசலில் செருப்பை விட்டுவிட்டு, பேசாமல் உள்ளே போக வேண்டும். நடுவே ஒரு மேடை. மேடையைச் சுற்றி, யாரும் தொடாமல் இருக்கக் கயிறு. மேடைமேல் நாற்காலி. நாற்காலியில் மகள்.

சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் எப்படி உட்கார்ந்திருப்பாளோ அப்படியே இருந்தாள். மெலிந்திருந்தாள். அவர் சுற்றி நின்ற பெற்றோர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கயிற்றருகே போனார். கயிற்றில் ஓர் அட்டை தொங்கியது. ஓவியத்துக்குக் கீழே எண்ணெய் வண்ணம், துணி என்று எழுதியிருக்குமே, அது மாதிரி, எதையெல்லாம் கொண்டு செய்யப்பட்டது என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

'சும்மா. நாற்காலி, சிறுமி, தாயின்மை.'

தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். தெளிவாகத்தான் இருந்தது. நெஞ்சுக்குள் ஏதாவது பொங்கும் என்று அவர் காத்திருந்தார், ஒன்றும் பொங்கவில்லை. காது மட்டும் அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன ஆழம் என்று முணுமுணுத்தார். அந்த அம்மாளின் கணவர் துறைத் தலைவியிடம் தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

"எங்க பையனையும் இதுலயே சேக்கலாம்னு பாக்குறோம். ஆனா எங்க வீட்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். அதனால ஏதாவது...?"

"அது ஒரு குறைதான்" என்றார் துறைத் தலைவி யோசனையோடு. "பாக்கலாம். காலம் இருக்கே."

கணவனும் மனைவியும் நம்பிக்கையோடு தலையாட்டினார்கள்.

அப்போதுதான் மகள் அவரைப் பார்த்தாள். அசையவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"அப்பா, கால் மரத்துப்போச்சு."

அவர் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனார். மேடையில் ஏறி மண்டியிட்டு உட்கார்ந்து, அவளுடைய காலை எடுத்து மடியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். பாதம் சில்லென்று இருந்தது. கூட்டம் மூச்சை இழுத்தது. பிறகு யாரோ கைதட்டினார்கள், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். எங்கிருந்தோ ஓடிவந்த மூத்த மலர்பவர், தந்தை தானாகவே படைப்புக்குள் வந்துவிட்டார் என்று மற்றவர்களுக்கு விளக்கத் தொடங்கினார். உடனிருப்பவர் ஒருவர் அட்டையை எடுத்து, தாயின்மைக்குப் பக்கத்தில் கமா போட்டுத் தகப்பன் என்று சேர்த்தார்.

"எந்திரிக்கணும்பா" என்றாள் மகள்.

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். அவள் எழுந்து நின்றதும் கைதட்டல் நின்றுவிட்டது. மூத்த மலர்பவர் கையைப் பிசைந்துகொண்டு, இன்னும் அரை மணி நேரம் பொறுத்தால் நல்லது, வெளிநாட்டு விருந்தினர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றார். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேங்க என்றார் கண்ணாடிக் கடைக்காரர். சொன்ன பிறகுதான் அதைச் சொன்னது தான் என்று அவருக்கே தெரிந்தது.

அலுவலகத்தில் யாரும் கோபப்படவில்லை. கோபம் அங்கே கிடையாது. மூத்த மலர்பவர் அவருக்கு உண்மையான நாற்காலி ஒன்றைக் கொடுத்து, தண்ணீரும் கொடுத்தார்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க. இங்க யாரையும் நாங்க பிடிச்சு வைக்கறதில்ல. பொண்ணு உங்களோடது. ஆனா சும்மா எங்களோடது. அது இங்கதான் வளந்தது."

கண்ணாடிக் கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். மூத்த மலர்பவர் பொறுமையாக விளக்கினார். அவள் வரும்போது கொண்டுவந்தது வெறும் துக்கம். அதைச் சும்மாவாக ஆக்கியது நிறுவனம். எனவே துக்கத்தை அவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம், அதில் நிறுவனத்துக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. சும்மாவை மட்டும் இங்கேயே விட்டுவிட வேண்டும். இனிமேல் அந்தப் பெண்ணோ, தகப்பனோ, வீட்டிலோ வெளியிலோ சும்மா இருக்கக் கூடாது. யாராவது கேட்டால் சும்மா என்று பதில் சொல்லவும் கூடாது. ஒரு தாளை நீட்டினார். வில்லையில்லாத சட்டம் போட்ட அம்மாள் சாட்சிக் கையெழுத்துப் போடத் தாளை ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பார்த்து, எழுத்துத் தெரியாமல் கடைசியில் மேஜையில் போட்டார். கண்ணாடிக் கடைக்காரர் தாளை மேஜையிலிருந்து எடுத்துத் தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார். மகளும் போட்டாள்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. காய்கறிப் பையோடு ஓர் அம்மாள் அதில் உட்கார்ந்திருந்தார். மகள் பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மரத்த கால் உணர்வு திரும்பும்போது எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆயிரம் ஊசி. அவள் முகத்தைச் சுளித்தாள். ஒரு வருடத்துக்கும் மேலாக அந்த முகம் சுளித்து அவர் பார்த்ததில்லை.

"வலிக்குதுப்பா."

"சரியாயிடும். ஊனி நில்லு."

"வலிக்குது."

கண்ணில் தண்ணீர் வந்தது. கால் வலிதான் என்று அவர் நினைத்தார். ஆனால் காலுக்கு எவ்வளவு நேரம் வலிக்கும்? ஒரு பஸ் வந்து போயிற்று, அவள் அழுகையை நிறுத்தவில்லை. மூக்கு ஒழுக, தோள் குலுங்க, சின்னக் குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு அழுதாள். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அவளுடைய பெட்டியைக் கீழே வைத்தார், மறுபடி தூக்கினார், மறுபடி வைத்தார்.

காய்கறிப் பை அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஏங்க, எதுக்குப் பொண்ணு இப்படி அழுவுது என்று கேட்டார்.

அவர் வாயில் சட்டென்று வந்தது, சும்மாதாங்க என்றுதான். உதடு வரைக்கும் வந்துவிட்டது. அந்தச் சொல்லைத்தான் இப்போது எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஒப்பந்தம் செல்லுமா செல்லாதா என்றெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை அவர், போட்டது கையெழுத்து. வேறு என்ன சொல்லலாம் என்று தேடினார். தலைவலி என்று சொல்லலாம், கால் வலி என்று சொல்லலாம். தேடிக்கொண்டு நிற்கும்போதே வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"இவங்கம்மா செத்துப்போயிட்டாங்கம்மா."

அவர் இதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து சொந்தக்காரர்களுக்குப் போன் செய்ததுகூடக் கொழுந்தியாள்தான். சொல்லி முடித்ததும் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அய்யோ. எப்பங்க?"

மகள்தான் முகத்தைத் துடைக்காமலே சொன்னாள்.

"போன வருஷம்."

அந்த அம்மாள் இப்பத்தான் அழுவுறீங்களா என்று கேட்கவில்லை. காய்கறிப் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் இரண்டு பேருக்கு இடம் விட்டார்.